மருந்து மேசை: இரண்டு தப்பு, ஒரு "பொத்"

சாத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று காய்ச்சலுக்கு, இன்னொன்று பட்டாசுக்கு. என் பெரியப்பா இரண்டாவது மருந்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். விடியும் முன்னே கிளம்பிப் போவார். "வெயில் ஏறிட்டா மருந்துக்கு மூக்கு மேல கோவம் வந்துரும்டா" என்பார். அன்றன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுவார்கள், மிச்சம் வைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத்தில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவார். அதெல்லாம் அவருடைய குணம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஹூஸ்டன் புறநகரில் ஒரு வீடு வாங்கி, அதில் தோட்டா ரீலோடிங் செய்ய மேசை போட்டபோதுதான் அவர் ஞாபகம் அடிக்கடி வந்தது. வந்தது கொஞ்சம் தாமதமாக.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில், அதுவும் டெக்ஸாஸில், நடக்கிற கதை. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதாக இருந்தால் உரிமம் வேண்டும். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கியோடு தோட்டாவும் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் தொட்டேன். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருக்கிற தம்பிமார் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக: ஒரு தோட்டாவில் நான்கு பொருள்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்து, அடி விழுந்ததும் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர், மேலே குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் செலவாகிவிடும். கூடு மட்டும் கையில் நிற்கும். நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதை வீசாமல், பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, சுட்டபோது உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, புது பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். இறுக்குவதும் அமுக்குவதும் பிரஸ் என்கிற கைநெம்பு இயந்திரத்தின் வேலை.

என் முதல் மேசை, மேசையே இல்லை. பழைய கம்ப்யூட்டர் டேபிள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே மரம் மாதிரி ஒரு தாள். நான்கு போல்ட் போட்டுப் பிரஸ்ஸை அதில் முடுக்கினேன். .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டாவின் கூடுகள் சின்னவை, அவற்றுக்கு அது தாங்கியது. நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு .308 வின்செஸ்டர் ரைபிள் கூடுகளில் கை வைத்தேன். ரைபிள் கூட்டை இறுக்க ஆள் பலம் முழுக்க நெம்பில் போக வேண்டும். மூன்றாவது கூட்டிலேயே மேசையின் பின்கால் தரையை விட்டு எழும்பியது. ஏழாவதோ எட்டாவதோ, "கரக்" என்று பலகை பிளந்து போல்ட் தலை உள்ளே புதைந்துவிட்டது.

அன்றைக்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. ரைபிள் கூட்டுக்கு இறுக்கும் முன் மசகு தடவ வேண்டும். .38 மாதிரி நேர்ச்சுவர் கூடுகளுக்குக் கார்பைடு என்கிற கடினமான வளையம் வைத்த டை (பிரஸ்ஸில் மாட்டிக் கூட்டை இறுக்கும் அச்சு) இருந்தால் மசகு வேண்டாம். அதே பழக்கத்தில் .308-க்கும் ஏனோதானோ என்று தடவியதில் ஒரு கூடு டைக்குள் சிக்கி, இழுத்த வேகத்தில் அடி விளிம்பு பிய்ந்து வந்தது. அதை வெளியே எடுக்க அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முடுக்கி இழுக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் கருவிப் பெட்டி விற்கிறார்கள். முதல் நாளே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மசகு அதிகமானால் அது வேறு தொல்லை: கூட்டின் தோள்பட்டையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

இரண்டாவது மேசைக்குக் கராஜைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை முறைப்படி. 4-க்கு-4 கட்டைகள் கால்களுக்கு, 2-க்கு-4 சட்டத்துக்கு. மரக்கடையில் 2-க்கு-4 என்று எழுதியிருக்கும் கட்டையின் உண்மை அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். அது தெரியாமல் கணக்குப் போட்டு ஒரு கட்டையை வீணடித்தேன். மேலே முக்கால் அங்குலப் ப்ளைவுட் இரண்டு அடுக்கு, பசை போட்டு ஒட்டி, ஸ்க்ரூ முடுக்கி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 36 அங்குல உயரம். சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் ஸ்டட் கட்டைகளைத் தேடிப் பிடித்து, மூன்று லேக் ஸ்க்ரூவால் மேசையைச் சுவரோடு கட்டினேன். பிரஸ்ஸை மேசையின் நடுவில் வைக்கவில்லை. காலுக்கு நேர் மேலே வைத்து, அடியில் இரும்புத் தகடு கொடுத்துப் போல்ட் போட்டேன். நெம்பும்போது பலகை வளைகிறதா என்று அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. பெருமை தாங்கவில்லை.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் மேசையின் உயரத்தை அளப்பார்கள். அளக்க வேண்டியது பிரஸ் கைப்பிடி எங்கே வந்து நிற்கிறது என்பதை. உட்கார்ந்து செய்வதா, நின்று செய்வதா என்று முதலில் முடிவு பண்ணி, கைப்பிடி முழுக்க இறங்கியபோது முதுகு குனியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு கூடு என்றால் நூறு தடவை அந்தக் கை மேலே போய்க் கீழே வரும். இறுக்க ஒரு தடவை, வாய் விரிக்க ஒரு தடவை, குண்டு அமுக்க ஒரு தடவை என்று சேர்த்தால் முந்நூறு. மறுநாள் காலையில் முதுகு கணக்குச் சொல்லும்.

இவ்வளவு பலமாகப் போட்ட மேசை ஏன் சரிப்படவில்லை? தராசு சொன்னது முதல் காரணத்தை. பவுடரை கிரெயின் என்கிற அளவில் நிறுக்கிறோம். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். நம் ஊர் நகை ஆசாரி குன்றிமணி வைத்து நிறுப்பார் அல்லவா, அந்த ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். இங்கே தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும். கராஜ் தரை, தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகக் கதவுப் பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். என் 6 அடி மேசைக்குள் முக்கால் அங்குல இறக்கம். கால்களுக்கு ஆப்பு வைத்து அதைச் சரி செய்தேன். அப்புறம் காற்று. மேலே சுழலும் விசிறி, கதவிடுக்கில் வரும் காற்று, இரண்டும் தராசுத் தட்டைத் தூக்கித் தூக்கி விட்டன. எலெக்ட்ரானிக் தராசுக்குப் போனால் அது தானாகவே எண் மாறிக்கொண்டிருந்தது. சூடாகச் சிறிது நேரம் ஓட விட வேண்டும், ட்யூப்லைட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது, எடைக்கல் வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நகைக்கடையில் தராசுக்கு ஏன் கண்ணாடிப் பெட்டி என்று இப்போது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் வெயில். ஹூஸ்டன் ஆகஸ்டில் மூடிய கராஜ் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஈரப்பதத்தைக் கேட்கவே வேண்டாம். பவுடருக்கு இரண்டும் ஆகாது. கெட்டுப்போன பவுடர் டப்பாவைத் திறந்தால் புளித்த அமில வாடை மூக்கில் ஏறும், செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரு நாள் சாயங்காலம், விளக்கை அணைத்துவிட்டு வெளியே வரும்போது, கராஜின் மறு மூலையில் ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. வாட்டர் ஹீட்டர். கேஸில் ஓடுவது. அடியில் இருபத்துநாலு மணி நேரமும் எரிகிற சின்னச் சுடர். நான்கு மாதமாக அதே அறையில் பவுடர் டப்பாவைத் திறந்து வைத்து வேலை பார்த்திருக்கிறேன். பெரியப்பா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

அதனால் மூன்றாவது முறை வேலையை இரண்டாகப் பிரித்தேன். அழுக்கு வேலை கராஜில், மருந்து வேலை வீட்டுக்குள்.

அழுக்கு என்றால் நிஜமான அழுக்கு. சுட்ட கூட்டின் உள்ளே படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கும். பிரைமரில் இருக்கும் ஈயச் சேர்மம் வெடித்துத் தூளாகிப் படிவது அது. பழைய பிரைமரைத் தட்டும்போதும், உலர்ந்த வால்நட் ஓட்டுத் தூளில் போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்யும்போதும் அந்தத் தூள் எழும்பும். வீட்டில் குழந்தை இருந்தால் உலர்முறையே வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீர், துளி பாத்திர சோப், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, மெல்லிய ஸ்டீல் ஊசிகள், எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் போட்டு உருட்டினால் தூளே எழாது. கூடு பொன் மாதிரி வரும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுப் பித்தளைக்கா இந்த மிசினு? ஒரு உருண்டை புளி இருந்தா நான் தேச்சுக் குடுத்திருவேன்ல" என்றாள். நான் சிரித்தேன். யோசித்தால் அவள் சொன்னது ரசாயனப்படி சரி. புளியில் இருப்பதும் அமிலம், எலுமிச்சை உப்பும் அமிலம். குத்துவிளக்குக்குப் போடும் பாட்டில் பாலிஷ்தான் ஆகாது. அதில் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அது பித்தளையை உள்ளுக்குள் பலவீனப்படுத்திவிடும். விளக்குக்குப் பரவாயில்லை, வெடிக்கப் போகிற கூட்டுக்கு ஆகாது. அம்மாவுக்கு ரப்பர் கையுறை மாட்டிவிட்டேன். ஊசியையும் கூட்டையும் பிரிக்கச் சமையலறையிலிருந்து ஒரு சல்லடையை எடுத்து வந்து அரிசி சலிப்பது போல் அவள் சலித்த லாவகம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தச் சல்லடை திரும்பச் சமையலறைக்குப் போகவில்லை. போகவும் கூடாது. அதற்காக வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

கராஜிலிருந்து உள்ளே வரும் கதவுக்குப் பக்கத்திலேயே சோப்பு. வெந்நீரில் கழுவக் கூடாது, குளிர்ந்த நீரில்தான் என்று பழையவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே போட்ட செருப்பு அங்கேயே. மேசையில் காபி, முறுக்கு எதுவும் கிடையாது.

மருந்து வேலைக்கு வீட்டுக்குள் ஒரு சின்ன அறை. புத்தகமும் பழைய பெட்டிகளும் கிடந்த அறை. கம்பளத்தைக் கிழித்து எடுத்துவிட்டு வழுவழுப்பான தரை போட்டேன். பிரைமர் கீழே விழுந்தால் கண்ணில் பட வேண்டும், சிந்திய பவுடரை மெல்லிய பிரஷ்ஷால் கூட்டி எடுக்க வேண்டும். வாக்குவம் கிளீனரை அந்த அறைக்குள் விடுவதே இல்லை. மோட்டார் பொறி, உள்ளே பவுடர், நடுவில் ஒரு பிரைமர் என்று நினைத்தாலே போதும். இங்கே மேசை சின்னது, 4 அடிதான். பிரஸ் ஒன்றுதான். அதை ஒரு தடித்த தகட்டில் முடுக்கி, இரண்டு மேசையிலும் ஒரே இடைவெளியில் துளை போட்டு, இறக்கைப் போல்ட்டால் கழற்றி மாட்டிக்கொள்கிறேன். டை எந்தக் கம்பெனி என்ற கவலை பெரும்பாலும் இல்லை. 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. லீ பிரஸ்ஸில் ஆர்சிபிஎஸ் டை போடலாம், ரெட்டிங் டையும் போடலாம்.

பவுடரும் பிரைமரும் அந்த அறையின் அலமாரியில், தனித்தனித் தட்டில், பூட்டு போட்டு. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு வீட்டில் அசல் டப்பாவில் 20 பவுண்டு பவுடர் வரையும், 10,000 பிரைமர் வரையும் அனுமதிக்கிறது. உங்கள் ஊர் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். என்னிடம் 4 பவுண்டுக்கு மேல் இருந்ததில்லை. பவுடரை இரும்புப் பெட்டியில் இறுக்கி அடைக்கக் கூடாது. திறந்த இடத்தில் அது வெடிக்காது, வேகமாக எரியும். அடைத்து வைத்து எரிந்தால்தான் வெடிகுண்டாகிறது. அதனால்தான் அதிக அளவுக்கு மரப் பெட்டி சொல்கிறார்கள். பிரைமரை அசல் அட்டைத் தட்டிலிருந்து எடுத்துப் பாட்டிலில் கொட்டி வைப்பதைப் போலப் பைத்தியக்காரத்தனம் வேறில்லை. சின்ன வயதில் பொட்டு வெடிகளைக் கிள்ளிக் குவித்து ஒரே கல்லால் அடித்திருக்கிறீர்களா? அதே கதைதான்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தத் தப்பு நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, சுடுதளத்தில். .38 ரிவால்வர், என் கையால் செய்த தோட்டா. மூன்று சுட்டேன். நான்காவது "டம்" என்பதற்குப் பதில் "பொத்" என்றது. தேங்காயை மணலில் போட்ட மாதிரி. கை அதிரவில்லை. விரல் பழக்கத்தில் மறுபடி இழுக்கப் போனது. பக்கத்துத் தடத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் "நிறுத்து!" என்று போட்ட சத்தம் காதடைப்பைத் தாண்டிக் கேட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்தேன். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, பின்புறமிருந்து விளக்கடித்துப் பார்த்தால் குழாய்க்குள் வெளிச்சம் வரவில்லை. அந்தத் தோட்டாவில் பவுடரே இல்லை. பிரைமர் தனியாக வெடித்து, 158 கிரெயின் குண்டை, பத்து கிராம் சொச்சம், குழாயின் பாதி வரை தள்ளி நிறுத்தியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது இதன் முதுகில் மோதிக் குழாய் உப்பியிருக்கும், பிளந்தும் இருக்கலாம். பெரியவர் வேறெதுவும் சொல்லவில்லை. தன் பையைத் திறந்து ஒரு பென் டார்ச்சை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முந்தின வியாழக்கிழமை, பாதியில் போன் வந்தது. ஊரிலிருந்து, எடுக்காமல் இருக்க முடியாத போன். பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு கூடு தள்ளித் தொடர்ந்திருக்கிறேன். இதில் பயங்கரம் என்னவென்றால், மறுபக்கம் தவறியிருந்தால் ஒரே கூட்டில் இரண்டு தடவை பவுடர் விழுந்திருக்கும். .38 ஸ்பெஷல் கரும்பவுடர் காலத்தில் பிறந்த தோட்டா. அந்தப் பவுடர் கூட்டை நிறைக்கும். இன்றைய பவுடர் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. பவுடர் இல்லாத தோட்டா "பொத்" என்று சொல்லிவிட்டது. இரட்டைத் தோட்டா சொல்லிவிட்டு வராது.

மீதமிருந்த அந்தத் தொகுதி முழுவதையும், நாற்பத்தாறு தோட்டா, பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் தவறில்லை. கை நடுக்கம்தான் நிற்க ஒரு வாரம் ஆனது.

இப்போது மருந்து மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. ஹாப்பரில் (பவுடரைக் கொட்டி வைத்து அளந்து விடும் குடுவையில்) என்ன இருக்கிறதோ அதன் டப்பா மட்டும் கண்முன்னால். வேலை முடிந்ததும் ஹாப்பர் காலியாக வேண்டும், அதே டப்பாவுக்குள். முன்பு இரண்டு டப்பா இருந்த ஒரு நாளில் ஒன்றின் பவுடரை மற்றதில் கொட்டி, ஒரு பவுண்டை முழுக்க வீணடித்திருக்கிறேன். இரண்டுமே கருஞ்சாம்பல் பொடி, கலந்தால் கடவுளாலும் பிரிக்க முடியாது. துளை போட்ட மரக்கட்டையில் ஐம்பது கூடு. பவுடர் விழாத கூடு தலைகீழாக, விழுந்தது நேராக. ஐம்பதும் நேரானதும் அந்த டார்ச்சை எடுத்து வரிசை வரிசையாக உள்ளே அடித்துப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும். அதற்குப் பிறகுதான் முதல் குண்டு. எவ்வளவு பவுடர் என்பதற்குப் பவுடர் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ வெளியிட்ட கையேடுதான் வேதம். அதிலும் கீழ் அளவில் ஆரம்பித்துத்தான் மேலே போவேன். யாரோ சொன்ன அளவு வேண்டவே வேண்டாம், என் அளவையும் கேட்காதீர்கள்.

போன் சமையலறையில் கிடக்கும். வேலை காலை ஆறு மணிக்கு, வீடு எழுவதற்கு முன். அறைக் கதவில் மகள் எழுதித் தொங்கவிட்ட அட்டை ஒன்று இருக்கிறது: "அப்பா எண்ணறார்". அந்த எழுத்து வெளியே தெரிந்தால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பாள். நடுவில் எழுந்தே ஆக வேண்டுமானால் கட்டையில் இருக்கும் பவுடர் மொத்தத்தையும் டப்பாவில் கொட்டிவிட்டு, வந்து முதல் கூட்டிலிருந்து தொடங்குவேன். பத்து நிமிடம் போகும், போகட்டும்.

காசு மிச்சமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2020-21 தட்டுப்பாட்டில் பிரைமர் கிடைக்காமல் கடை கடையாக அலைந்ததும், ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவதும், மூன்று மேசை மரமும் சேர்த்தால் நான் இன்னும் நஷ்டத்தில்தான். எனக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறேன்.

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர், புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர், "எனக்கும் ஒரு நூறு போட்டுக் குடுங்க சார், காசு குடுத்துடறேன்" என்றார். விற்க உரிமம் வேண்டும் என்றேன். "சும்மாதான் குடுங்களேன்" என்றார். என் தோட்டாவை இன்னொருத்தர் கையில் வெடிக்க விட மாட்டேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை காலைல ஆறு மணிக்கு வாங்க, பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து பாருங்க, பேசக் கூடாது" என்றேன். வந்தார். இரண்டு மணி நேரம். நான் நிறுப்பதையும், டார்ச் அடிப்பதையும், வீட்டுக்காரி கூப்பிட்டதும் ஐம்பது கூட்டையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்ததையும் பார்த்தார். இட்லி சாப்பிடும்போது சொன்னார்: "நான் கடையிலயே வாங்கிக்கறேன் சார்."